அக்காவைப் பற்றிய மூன்று வரிச் சுருக்கம்

நடந்தவை இவை.

1. ராஜபாளையத்து நூல் மில் ஒன்றில் வேலை பார்க்கும் அக்கா ஒருவரைப் பற்றி ஆவணப்படம் எடுக்க, ஓர் அமைப்பிடம் நிதியுதவி கேட்டு விண்ணப்பித்தேன். மறுத்துவிட்டார்கள்.
2. அதே அக்காவைப் பற்றி வேறு மாதிரி எழுதி, அடுத்த சுற்றில் மீண்டும் விண்ணப்பித்தேன். தேர்வானது.
3. தங்கள் இணையதளத்தில் வெளியிட மூன்று வரியில் ஒரு சுருக்கம் எழுதி, சரியா என்று என்னைக் கேட்டார்கள். சரி என்று பதில் போட்டேன்.
4. அக்காவின் போட்டோவோடு வெளியான அந்த மூன்று வரியை அவருடைய கணவர் திருப்பூரில் படித்தார்.

நான் கிருஷ்ணன்கோவிலில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள். கோளாறு எங்கே என்று தெரியாதபோது நடந்ததை வரிசையாக எழுதிப் பார்ப்பது கல்லூரியிலிருந்தே பழக்கம். இந்தக் கோளாறு எழுதிப் பார்க்காமலே தெரியும். ஆனாலும் எழுதினேன், மூன்றாவதில் என் இடத்தில் வேறு யாரையாவது போட முடியுமா என்று.

அக்காவுக்கு ஊர் சோழபுரம். காலை ஷிப்டு வேனில் நான் கேமராவோடு முதன்முதலாக ஏறிய அன்று, "ஏட்டி, இம்புட்டுப் பக்கத்துல வச்சுப் புடிக்காத, கண்ணாடி ஒடஞ்சிரும்" என்றார். பின்சீட்டிலிருந்து ஒரு பெண், "யக்கா, படத்துல நீங்க ஹீரோயினா, ஹீரோயினுக்கு அம்மாவா?" என்று கேட்டாள். "வில்லி டி. சூப்பர்வைசர அறையுற சீன் வேணும்னு கேட்டிருக்கேன்." வேன் முழுக்கச் சிரிப்பு. அந்த மில்லில் கழிப்பறைக்குப் போக டோக்கன் வாங்க வேண்டும். போனவர் திரும்பி வந்து டோக்கனைக் கொடுத்தால்தான் அடுத்தவர் போகலாம். என் படம் அதைப் பற்றியது. எல்லோரும் தயங்கியபோது, அதைக் கேமரா முன்னால் சொல்ல ஒப்புக்கொண்டவர் அக்கா ஒருவர்தான். வேலை போனால் பார்த்துக்கொள்ளலாம் என்று அவருக்குத் தைரியம் சொன்னவர் அவருடைய கணவர்.

அவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இஸ்திரி மாஸ்டர். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்துவிடுவார். தையல் கோணிப்போன பனியன்களை ஒரு கட்டாகக் கொண்டுவந்து தெருப்பிள்ளைகளுக்குக் கொடுப்பார். அன்றைக்குக் கறிக்குழம்பு அவர் கையால்தான். அக்கா அடுப்படிப் பக்கமே போகாமல் கால்நீட்டி உட்கார்ந்து டிவி பார்ப்பார். "ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா எனக்குத் தீவாளி" என்று அக்கா சொன்னது என்னிடம் பதிவாக இருக்கிறது. அப்படி ஒரு ஞாயிறு நானும் அங்கே சாப்பிட்டேன். போதும் போதும் என்று நான் இலையை மறைக்க, அக்காவின் கணவர் விடாமல் வைத்துக்கொண்டே இருந்தார்.

முதல் விண்ணப்பத்தில் இதையெல்லாம் எழுதினேன். உங்கள் நாயகி மகிழ்ச்சியாகத் தெரிகிறார், அவருக்கு உள்ள இடர் துலங்கவில்லை என்று குறிப்பு எழுதித் திருப்பிவிட்டார்கள். இரண்டாவது விண்ணப்பத்தில் ஞாயிற்றுக்கிழமையை எடுத்துவிட்டேன். கணவர் வேறு ஊரில் இருக்கிறார். மகளை இவரே பார்த்துக்கொள்கிறார். பஞ்சுத் தூசியால் இருமிக்கொண்டே ஒருநாள் வேன் வராததால் தனியாக நடந்து வந்தார். ஒவ்வொரு வரியையும் தனித்தனியே சரிபார்த்தேன். எதுவும் பொய்யில்லை. அந்த அமைப்பில் இருந்தவர்கள் அதைப் படித்துவிட்டு, 'கணவனால் கைவிடப்பட்ட பஞ்சாலைத் தொழிலாளி' என்று சுருக்கினார்கள். வேறெப்படிச் சுருக்குவார்கள்? மறுக்க எனக்கு ஒரு வரி போதும். மறுத்தால் நிதி கைநழுவுமோ என்று பயந்தேன். அக்கா எங்கே இதைப் படிக்கப்போகிறார் என்றும் நினைத்தேன்.

ஒரு மாதம் கழித்து அக்கா பஸ் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் எடிட்டிங் செய்யும் மாடி அறைக்கு வந்தார். செல்போனை நீட்டி, "வாசி" என்றார். வாசித்தேன்.

"இந்தப் பொம்பளைய எனக்குத் தெரியாது டி. யாரோ, பாவம்."

செல்போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

"நீ எங்க வீட்டுல கறிச்சோறு தின்னேல்ல? யாரு போட்டா?"

"அவுகதான்க்கா."

"அவிய என்கிட்ட சண்டையே போடல. நான் எப்ப உன்னைய விட்டுட்டுப் போனேன்னு கேட்டாவ. பொறவு போன வச்சிட்டாவ."

தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை. கீழே இறங்கும்போது அவருக்கு இருமல் வந்தது. படியில் நின்று, அது அடங்கிய பிறகு போனார்.

அன்றைக்கே அவருடைய கணவரிடம் போனில் பேசினேன். தப்பு என்னுடையது என்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "எங்க கம்பெனியில எல்லாரும் என்ன சொல்லுதான் தெரியுமா? படிச்ச பிள்ள எழுதியிருக்கு, சும்மாவா எழுதும்ங்கான். நான் எம்புட்டுச் சொன்னாலும் சிரிக்கான்" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. பிறகு, வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டார்.

இப்போதைய நிலை இது. நான் எழுதிக் கேட்டதும் இணையதளத்தில் அந்த வரியை நீக்கிவிட்டார்கள். பலர் போனில் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பகிர்ந்தவற்றில் அது அப்படியே இருக்கிறது. அக்கா மில்லுக்குப் போகிறார். என் போனை எடுப்பதில்லை. படப்பிடிப்பு நின்றுவிட்டது. அவருடைய கணவர் ஐந்து மாதமாக ஊருக்கு வரவில்லை, பொங்கலுக்கும் வரவில்லை. நிதி தந்தவர்களுக்கு நான் முதல் அறிக்கை அனுப்ப வேண்டும். படம் தொடங்கிய பின் நாயகியின் வாழ்க்கையில் ஏற்பட்டுள்ள மாற்றம் என்ன என்று அதில் ஒரு கேள்வி இருக்கிறது. மற்ற எல்லாவற்றையும் நிரப்பிவிட்டேன்.