சித்தியின் வேட்புமனு

வேட்புமனுவில் சித்தி போட்ட கையெழுத்து இன்னும் என் கண்ணில் நிற்கிறது. நாக்கைக் கடித்துக்கொண்டு, கட்டத்தைத் தாண்டிவிடாமல், எழுத்துக் கூட்டிப் போட்டாள். முன்மொழிபவர் என்ற இடத்தில் நான் போட்டேன். சித்தி என்றால் என் அம்மாவின் தங்கை; பிள்ளை இல்லாதவள், என்னைத் தூக்கி வளர்த்தவள், அரியமங்கலத்தில் மாவு மில்லில் வேலை பார்த்தவள். குழாயில் சாக்கடை கலந்து வருகிறது என்று மனு கொடுத்துக் கொடுத்து அலுத்துப் போய், "நாமளே நின்னா என்னடி?" என்று வார்டு தேர்தலில் சுயேச்சையாக இறங்கிவிட்டாள். நாங்கள் சிரித்தோம். அவளும் சேர்ந்து சிரித்துவிட்டு, தலையில் ஒட்டிய மாவைக்கூடத் தட்டாமல் வீடு வீடாக ஓட்டுக் கேட்கப் போனாள்.

எதிரே நின்றவர் என் கணவர் வேலை பார்த்த லேத் பட்டறையின் முதலாளி. "நிக்கிறது உன் வீட்டம்மாவோட சித்தியாமே?" என்று இவரிடம் ஒருநாள் கேட்டிருக்கிறார். கேட்டது அவ்வளவுதான். அவர் வேலைக்கு வேட்டு என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். வாபஸ் வாங்கக் கடைசி நாள் மதியம் மூன்று மணியோடு முடிகிறது என்றால், நான் பன்னிரண்டுக்கு மில்லுக்கே போய், "அவரு வேலை போயிடும் சித்தி, எனக்காக" என்று அழுதேன். மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "நீயே சொல்றியாடி?" என்று மட்டும் கேட்டாள். ஆட்டோ பிடித்துத் தேர்தல் அலுவலகத்துக்குப் போனோம். முதல் கையெழுத்துக்குப் பட்ட பாடு எதுவும் இல்லாமல், வாபஸ் படிவத்தில் இந்தக் கையெழுத்தை மளமளவென்று போட்டுவிட்டாள்.

போட்டியில்லாமல் ஜெயித்த முதலாளி, "அவங்க நின்னிருக்கலாமேப்பா, நானா வேணாம்னேன்?" என்று என் கணவரிடம் கேட்டாராம். யாரும் கேட்காத ஒன்றை நானாகப் போய்ப் பிடுங்கிக் கொடுத்திருக்கிறேன். அப்படி ஒரு பயந்தாங்கொள்ளி நான். சித்தி அதன்பிறகு எங்கள் வீட்டு விசேஷம் எதற்கும் வரவில்லை.

ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறேன். போன வாரப் பாடத்தில் 'வித்ட்ரா' வந்தது. பேங்கில் பணம் எடுப்பது, படை பின்வாங்குவது, சொன்ன சொல்லைத் திரும்பப் பெறுவது, வேட்புமனுவை வாபஸ் வாங்குவது என்று போர்டில் எழுதிக்கொண்டே வந்தேன். மனுஷர் ஒதுங்கிப் போவதற்கும் அதே சொல்தான் என்றதும், "அது எப்படி மிஸ்? ஒரு உதாரணம் சொல்லுங்க" என்றாள் ஒரு பெண். பெல் அடிக்கப் போகிறது என்று சமாளித்தேன். சித்தி இறந்துபோய் அன்றைக்கு மூன்று மாதம் ஆகியிருந்தது.

அவளைக் கடைசியாகப் பார்க்கப் போனது ஒரு சித்திரை வெயிலில். எல்லாவற்றையும் கொட்டிவிடுவது என்றுதான் போனேன். "நான் தப்பு பண்ணிட்டேன் சித்தி" என்று அழுதேன். பிறந்ததிலிருந்து என்னை வாடி போடி என்று கூப்பிட்டவள், சொம்பை என் முன்னால் வைத்தாள்.

"அதையெல்லாம் விடுங்க. வெயில்ல வந்திருக்கீங்க, மோர் குடிங்க."

குடித்தேன். கிளம்பும்போது வாசல் வரை வந்து, "பாத்துப் போங்க" என்றாள்.