சத்தம் வராத ரீல்

அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலையில்லை. மீன்பிடிச் சாமான் கடைக்கு வருகிற எல்லாருக்கும் அவள் சிக்கன அக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூடக் கூச்சமில்லாமல் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கடை முதலாளி மட்டும் 'சிக்கன' என்பதில் கொஞ்சம் அழுத்தம் கொடுப்பார். அவருடைய வயிற்றெரிச்சல் அவருக்கு. கண்ணாடி அலமாரியில் பளபளக்கும் உயர்ந்த விலைத் தூண்டில் ரீல்களைப் பார்த்து வாயைப் பிளந்து நிற்கிற ஆளை, அக்கா பேசிக்கொண்டே எதிர்ச் சுவரில் இருக்கும் நடுவிலை வரிசைக்குக் கூட்டிப் போய்விடுவாள்.

"ஏரியில பாஸ் மீன் புடிக்கப் போறீங்க. திமிங்கலம் புடிக்கப் போகல" என்றுதான் ஆரம்பிப்பாள்.

தூண்டில் ராடு ஆறரை அடியோ ஏழடியோ இருந்தால் போதும் என்பாள். நுனி வளைய வேண்டும், அடி விறைப்பாக நிற்க வேண்டும். மேல்சட்டைப் பையில் எப்போதும் கொஞ்சம் பஞ்சு வைத்திருப்பாள். ராடில் வரிசையாக இருக்கும் வளையங்கள் ஒவ்வொன்றிலும் அந்தப் பஞ்சை நுழைத்து இழுப்பாள். ஒரு வளையத்தில் பஞ்சு சிக்கினாலும் அந்த ராடு திரும்பப் பெட்டிக்குள் போய்விடும். பஞ்சைப் பிடிக்கிற விரிசல் தூண்டில் நரம்பையும் அறுக்கும். ரீலுக்கு வேறு சோதனை. பெட்டிமேல் பன்னிரண்டு பேரிங் என்று போட்டிருந்தால் அவள் மயங்க மாட்டாள். கண்ணை மூடிக்கொண்டு கைப்பிடியை மெதுவாகச் சுற்றுவாள். அரைத்தால் வேண்டாம், ஆடினால் வேண்டாம், வழுக்கிக்கொண்டு போனால் எடுத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான்.

ஆனால் தூண்டில் நரம்பு என்று வந்துவிட்டால் அக்கா வேறு ஆள்.

"இதுல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க. மீனுக்கும் உங்களுக்கும் நடுவுல இருக்கறது இது ஒண்ணுதான்."

அவள் இந்தக் கடைக்கு வேலைக்கு வந்த கதையே ஒரு ராடால் வந்த கதை. அவள் கணவர் முடிதிருத்துபவர். இரண்டு நாற்காலி போட்ட சின்னக் கடை, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை, விடிந்தால் ஏரி. ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் கடலில் சுறா பிடிக்கிற ராடு ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து நின்றார். எடுத்துப் பார்த்தால் கடப்பாரை தோற்றது. "கெட்டியா இருந்துச்சு" என்பதுதான் அவர் சொன்ன காரணம். மறுநாள் அக்கா அதைத் தூக்கிக்கொண்டு பேருந்தில் ஏறினாள். கூரையில் இடித்து, பக்கத்தில் இருந்தவர்களிடம் வசவு வாங்கி, கடைக்குள் போய் முக்கால் மணி நேரம் பேசினாள். அந்த முக்கால் மணி நேரத்தில் வாடிக்கையாளர்கள் நான்கு பேர் அவளைச் சுற்றி நின்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். முதலாளி ராடைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "மேஜைக்கு வெளியில நின்னு பேசறதை உள்ள நின்னு பேசுங்க. நாளைக்கே வேலைக்கு வந்துடுங்க" என்றார். அன்று சொன்னதை நினைத்து அவர் மாதம் ஒரு முறை தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் அவள் சொல்லி வாங்கிய ஆட்கள் திரும்பத் திரும்ப வருகிறார்கள் என்பது அவருக்கும் தெரியும். அதனால் அவளை அனுப்பவும் மனம் வராது.

ரீல் வாங்குகிறவர்களுக்கு நரம்பை அக்காவே சுற்றிக் கொடுப்பாள். அதில் அவளுக்கு ஒரு கர்வம். ஈரத்துணியை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து நரம்பை அதன் வழியாக இழுத்துச் சுற்றினால், உருளையில் அடுக்கு அடுக்காக, பிசகாமல் போய் உட்காரும். ஒன்பது வருடத்தில் அவள் சுற்றியதில் குறை என்று ஒருவர் வந்ததில்லை.

போன மாதம் கடைக்குப் பின்னல் நரம்பு என்று ஒரு புதுச் சரக்கு வந்தது. பழைய நைலான் நரம்பு ஒற்றை இழை. இது எட்டு இழைகளை முறுக்காமல் பின்னியது. தலைமுடி மாதிரி மெல்லிசு, இழுத்தால் கை அறுந்தாலும் அது அறுந்துபோகாது. அக்காவுக்குப் பார்த்தவுடனே பிடித்துப்போயிற்று. முதல் பாக்கெட்டைத் தன் காசில் வாங்கி, வீட்டுக்குக் கொண்டு போய்க் கணவரின் ரீலில் சுற்றினாள். அடுத்த இரண்டு வாரத்தில் வாடிக்கையாளர்கள் எட்டுப் பேருக்குச் சுற்றிக் கொடுத்தாள். பாக்கெட் அட்டையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஏதோ போட்டிருந்தது. ஒன்பது வருடமாக நரம்பு சுற்றுகிறவளுக்கு அட்டை என்ன சொல்லித் தரப்போகிறது என்று அவள் படிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவர் ஏரியிலிருந்து சீக்கிரமே திரும்பிவிட்டார். முகம் தொங்கிப் போயிருந்தது.

"பெரிய மீனு. ரீலைத் திருகி முழுசா இறுக்கிட்டேன். அப்பவும் நரம்பு அது பாட்டுக்குப் போய்க்கிட்டே இருந்துச்சு. புதருக்குள்ள பூந்து கழட்டிக்கிச்சு. இதுல அதிசயம் என்னன்னா, ரீல்ல சத்தமே வரல."

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். "இறுக்கறதா நெனச்சுத் தளர்த்தியிருப்பீங்க. வலப்பக்கம் எது, இடப்பக்கம் எதுன்னு தெரியுமில்ல? அடுத்தவன் காதுகிட்ட கத்தரிக்கோல் வச்சுக்கிட்டு நிக்கற ஆளு நீங்க" என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். மறுநாள் கடையில் சொல்லி அங்கேயும் எல்லாரையும் சிரிக்க வைத்தாள். கணவர் ராடை ரீலோடு அலமாரிக்கு மேலே ஏற்றி வைத்தார். அதற்கடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் ஏரிக்குப் போகாமல் செய்தித்தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தார். மழை வரும் போலிருக்கிறது, அதனால் போகவில்லை என்று அக்கா நினைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை கடை திறந்த சூட்டோடு பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர் வந்தார். பெரிய உடம்பு, சின்னக் குரல். ஒரு வருடமாக யோசித்து, இரண்டு வாரம் முன்னால்தான் அக்கா சொன்ன ராடையும் ரீலையும் வாங்கியிருந்தார். கண்ணாடி அலமாரிப் பக்கம் போகப் பார்த்தவரை அக்காதான் இழுத்து வந்து வாங்க வைத்தாள்.

ரீலை மேஜைமேல் வைத்தார். "இது நிக்க மாட்டேங்குதுக்கா. திருகி முழுசா இறுக்கினாலும் மீனு இழுத்தா நரம்பு ஓடுது. நேத்து இவ்வளவு நீளத்துக்கு ஒண்ணு." கையை விரித்துக் காட்டினார். பிறகு மனச்சாட்சி உறுத்தியதோ என்னவோ, ஒரு சாண் குறைத்துக்கொண்டார்.

முதலாளி எழுந்து வந்துவிட்டார். இந்த நாளுக்காகத்தான் ஒன்பது வருடமாகக் காத்திருந்த மாதிரி இருந்தது அவர் நடை.

"நான் அப்பவே சொன்னேன்ல, இந்த நடுவிலை ரீலெல்லாம் இப்படித்தான்னு. பாத்துடுவோம். கோளாறுன்னு தெரிஞ்சா அந்த வரிசையையே இன்னைக்கு எடுத்துடறேன். நீங்க தொப்பி, பையி விக்கற பக்கம் போயிடுங்க."

 தொப்பியில் அவளுக்குச் சொல்ல என்ன இருக்கிறது? தலைக்குச் சரியாக இருந்தால் தொப்பி.

ரீலை ராடில் மாட்டினாள். உருளையைப் பிடித்து நிறுத்துகிற திருகை முழுசாக இறுக்கினாள். நரம்பின் நுனியைக் கதவுக் கைப்பிடியில் கட்டிவிட்டு, உருளையின் விளிம்பில் வெள்ளை மையால் ஒரு புள்ளி வைத்தாள். மீன் இழுக்கும்போது பிடிமானம் தளர்ந்தால் உருளை சுற்றும், கர்ரென்று சத்தம் வரும், புள்ளியும் கூடவே சுற்ற வேண்டும். பஸ்காரரை ராடைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடக்கச் சொன்னாள்.

நரம்பு போனது. முதலாளி, "பாத்தீங்களா" என்றார்.

அக்கா புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது வைத்த இடத்தில் அப்படியே நின்றது. உருளை அசையவில்லை, சத்தமும் இல்லை; ஆனாலும் நரம்பு போய்க்கொண்டிருந்தது. சத்தமே வரல என்று கணவர் சொன்னது அப்போதுதான் அவள் காதில் சரியாக விழுந்தது.

ரீல் இறுக்கமாகப் பிடித்துத்தான் நின்றது. வழுக்குகிற பின்னல் நரம்பு, வழுவழுப்பான உலோக உருளையில் ஒட்டாமல், சுற்றிய மொத்தமும் கை வளையல் மாதிரி தனியாகச் சுழன்றுகொண்டிருந்தது. நைலான் கொஞ்சம் நீளும், சுருங்கும்; இறுக்கிச் சுற்றினால் உருளையைக் கவ்விக்கொள்ளும். இதற்கு அந்தக் குணம் இல்லை. முதலாளிக்கு இது தெரியவில்லை. பஸ்காரருக்கும் தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் பழி ரீலுக்குப் போகும், நடுவிலை வரிசையும் போகும், ஆனால் அக்காவின் கைக்கு ஒரு கெட்ட பெயரும் வராது. தொப்பிப் பக்கம் போய் கௌரவமாக உட்கார்ந்துகொள்ளலாம். நினைத்துப் பார்க்கவே அவளுக்கு அசிங்கமாக இருந்தது.

"ரீல் நல்ல ரீல். சுத்துனது நான். தப்பு என் கையில" என்றாள். கட்டைவிரலால் நரம்பை நெட்டித் தள்ளிக் காட்டினாள். மொத்தமும் நழுவிச் சுழன்றது.

 முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, காலி அட்டை ஒன்றை எடுத்துப் பின்பக்கத்தைப் படித்தார். முதலில் நைலானைச் சுற்று, அதன்மேல் இதைக் கட்டு என்று போட்டிருந்தது. அவர் இன்னும் கீழே படித்தார். படித்தவருக்குத் தோள் குலுங்கத் தொடங்கியது.

"பாதி உருளைக்கு மலிவு நைலானே போதுமாம். ஒரு பாக்கெட்டு ரெண்டு ரீலுக்கு வருமாம். சிக்கன அக்கா, ரெண்டு பேரு நரம்பை ஒருத்தர் தலையில கட்டியிருக்கீங்க." அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார்.

தப்பு செய்ததைவிட இது அவளைச் சுட்டது. காது மடல் வரை சிவந்துபோயிற்று. பஸ்காரர் சிரிக்கலாமா கூடாதா என்று சற்று நேரம் யோசித்தார். பிறகு அவரும் சிரித்துவிட்டார். ரீலை எடுத்து அவள் பக்கம் நீட்டினார்.

"சுத்துங்க."

"வேற யாராவது சுத்தட்டும்ணே."

"வேற யாரு? இனிமே இந்தத் தப்பைப் பண்ணாத ஆளு இந்தக் கடையில நீங்க ஒருத்தர்தான்."

அக்கா சுற்றினாள். அடியில் நைலான், மேலே பின்னல். மறுபடியும் கதவில் கட்டி இழுத்தபோது ராடு வில்லாக வளைந்தது, நரம்பு நின்ற இடத்தில் நின்றது. திருகைக் கொஞ்சம் தளர்த்தியதும் கர்ரென்று சத்தம் வந்தது. நடுவிலை வரிசை இருந்த சுவரிலேயே இருந்தது. அக்கா மீதி ஏழு பேருக்கும் வரிசையாகப் போன் போட்டு, ஒவ்வொருவரிடமும் தப்பு என்னுடையது, ரீலைக் கொண்டு வாருங்கள் என்று ஒரே வார்த்தைகளில் சொன்னாள். மூன்றாவது போனுக்குப் பிறகு சொல்வது சுலபமாகிவிட்டது.

ஒன்பதாவது ரீல் அலமாரிமேல் இருந்தது. அதற்குப் போன் போட முடியாது.

சாயங்காலம் அவள் நேராகக் கணவரின் கடைக்குப் போனாள். கடைசி ஆளை அனுப்பிவிட்டு அவர் தரையில் கிடந்த முடியைக் கூட்டிக்கொண்டிருந்தார். அக்கா ஒரு நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். முகத்துக்கு நேரே சொல்வதைவிடக் கண்ணாடியில் தெரிகிற ஆளிடம் சொல்வது எளிதாக இருந்தது. புள்ளி வைத்தது, அட்டை, முதலாளி சிரித்தது, எல்லாவற்றையும் சொன்னாள்.

துடைப்பம் நின்றது. "அப்ப நான் சரியாத்தான் இறுக்கியிருந்தேனா?"

"சரியாத்தான் இறுக்கியிருந்தீங்க."

"ரெண்டு வாரமா குழாயைத் திறக்கும்போதெல்லாம் எந்தப் பக்கம் திருப்பறோம்னு பாத்துக்கிட்டே இருக்கேன்" என்றார். "வயசாயிடுச்சு, கை போயிடுச்சு போலன்னு நெனச்சேன். இதுல கத்தரிக்கோலு வேற புடிக்கணும்."

 அவள் சிரித்துச் சொன்ன ஒரு வார்த்தை இந்த மனிதனுக்குள் இரண்டு வாரம் கிடந்து அறுத்திருக்கிறது. அழுகை வந்தால் அவளுக்குக் கோபமும் சேர்ந்து வரும். "நான்தான் கேக்கல. நீங்களாவது அந்த நரம்பை ஒரு தடவை தள்ளிப் பாத்திருக்கலாமில்ல?"

"நீ சுத்துனதாச்சே" என்றார் அவர். "அதுல போயி என்னத்தப் பாக்கறது."

அக்கா நாற்காலியிலிருந்து இறங்கி முறத்தை எடுத்து நீட்டினாள். அவர் மிச்ச முடியைக் கூட்டி அள்ளினார்.

வருடத்துக்கு ஒரு முறைகூட ஏரிப்பக்கம் போகாதவள், அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்னே எழுந்து, நைலான் போட்டுத் திருத்திச் சுற்றிய ரீலை எடுத்துக்கொண்டு அவரோடு கிளம்பினாள். வெயில் ஏறிய பிறகு ஒரு மீன் மாட்டியது. ரீல் கர்ரென்று கத்தியது. அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார், மீனைப் பார்க்கவில்லை. கரைக்கு வந்தபோது அது இரண்டு கையளவுகூட இல்லை. அந்த மீனுக்கு அவ்வளவு சத்தம் வர நியாயமே கிடையாது. மனிதர் வேண்டுமென்றே திருகைத் தளர்த்தி வைத்திருந்தார். அக்கா அதைப் பார்த்தாள், வாயைத் திறக்கவில்லை. அவர் மீனை விட்டுவிட்டு, மறுபடியும் தூண்டிலை வீசினார்.