லொரெட்டா அக்காவின் பள்ளிக்கூடம்

நேற்று ஹனோவரில் ட்ராமுக்காக நின்றேன். பின்னாலிருந்த சலவைக் கடையின் கதவு திறந்து, சூடான பருத்தித் துணியின் ஆவி வாசம் முகத்தில் அடித்தது. அதை இழுத்து மூச்சு விடுவதற்குள் ட்ராம் போய்விட்டது. பாருங்கள், இந்த வயதில் ஒரு வாசத்துக்காக ட்ராமை விடுகிற ஆள் நான்.

அகதியாக வந்த புதிதில், ஒரு பெரிய ஹோட்டலின் நிலவறையில் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போட்டு மடிக்கும் வேலை எனக்கு. விரிப்பின் மறுமுனையைப் பிடித்தவர் லொரெட்டா அக்கா. அமெரிக்காவின் தெற்குப் பக்கத்துக் கறுப்பினப் பெண். ஜேர்மன்காரர் ஒருவரைக் கட்டி இங்கே வந்தவர். நாங்கள் பேசியது ஜேர்மன், என்னுடையது அரைகுறை. ஆனாலும் அவர் சொன்னதெல்லாம் என் நினைவில் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் தங்கியிருக்கிறது.

இரண்டு பேர் எதிரெதிரே நின்று துணி மடித்தால் கதை தானாக வரும். அவர் கதையெல்லாம் அவர் படித்த பள்ளிக்கூடம்தான். அவருடைய ஊரில் வெள்ளைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி. கறுப்புப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு தொழிற்பள்ளி. புத்தகங்கள் வெள்ளைப் பள்ளி கழித்துவிட்டவை. முதல் பக்கத்தில் வேறு யாருடைய பெயரோ இருக்கும். கட்டட வேலை பழகிய பையன்களே தங்கள் பட்டறைச் சுவரையும் எழுப்பினார்களாம். இவருக்குச் சட்டம் படிக்க ஆசை. தையல் மெஷினில் இருத்திவிட்டார்கள்.

“அப்ப உங்களுக்குக் கோவம் வரேல்லையோ, அக்கா?”

“வந்தது. ஆனா எங்கட ரீச்சர்மார் பேருக்கு முன்னால மரியாதையா ‘மிஸ்’ போட்டுத்தான் எங்களைக் கூப்பிடுவினம். ஊரில வேற ஒருத்தரும் அப்பிடிக் கூப்பிடேல்லை.”

பிறகு சட்டம் மாறி, இரண்டு பள்ளிகளையும் ஒன்றாக்கினார்கள்.

“சேர்த்தது நல்லது. ஓம், நல்லதுதான்,” என்றார், விரிப்பின் சுருக்கத்தைத் தடவியபடி. “ஆனா மூடினது எங்கட பள்ளியை.”

பழைய மாணவர்கள் வருடம் ஒருமுறை அந்த ஊரில் கூடுவார்கள். ஒரு கோடையில் அக்காவும் போவதாக இருந்தது. கணவருக்கு நெஞ்சு நோவு வந்து பயணம் நின்றுபோனது. அதன்பிறகு அவர் கதை சொல்வதையே விட்டுவிட்டார். எனக்கும், எங்களோடு வேலை செய்த துருக்கிக்காரி எமினேக்கும் அது பொறுக்கவில்லை.

கூட்ட நாளன்று அவர் வீட்டுக் கதவைத் தட்டினோம். அவர்கள் பள்ளியின் நிறம் கடும் சிவப்பும் பொன்னும். அந்த நிறத்தில் என்னிடம் இருந்தது என் கலியாணக் கூறைச்சேலை ஒன்றுதான். கோடை வெயிலில் அதைக் கட்டிக்கொண்டு ட்ராமில் வந்த என்னைச் சனம் எப்படிப் பார்த்திருக்கும் என்று நீங்களே யோசியுங்கள். எமினே பொன்னிறத் தலைத்துணி கட்டியிருந்தாள்.

அக்கா எங்களை மேலும் கீழும் பார்த்தார். “எங்க வெளிக்கிட்டனீங்கள்?”

“பழைய மாணவர் கூட்டத்துக்கு,” என்றேன். “உள்ள விடுங்கோ.”

பின்னேரம் அமெரிக்காவுக்குத் தொலைபேசி எடுத்தோம். அங்கே பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தன் பெயர் வந்ததும் அக்கா கதிரையை விட்டு எழுந்து நின்று, “இருக்கிறன்,” என்றார். எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுமுனையில் யாரோ, பக்கத்தில் யார் என்று கேட்டிருக்கிறார்கள்.

“என்ர வகுப்புப் பிள்ளையள்.”

சொல்லிவிட்டு ரிசீவரை எங்கள் பக்கம் நீட்டினார். எமினே அதை வாங்கி, அவர்களுக்கு விளங்காத ஜேர்மனில் எல்லோரையும் சுகம் விசாரித்தாள்.

அந்த நிலவறை இப்போது வாகனத் தரிப்பிடம். அக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் மகள் சொன்னாள், கூட்டமும் நின்றுவிட்டதாம். கடைசி முறை வந்தவர்களுக்கு ஒரு மேசையே போதுமாக இருந்ததாம். மற்றப் பள்ளிகளில் வருடாவருடம் பழைய மாணவர்கள் புதிதாகச் சேர்ந்துகொண்டே இருப்பார்கள். மூடிய பள்ளிக்கூடத்துக்கு யார் புதிதாக வருவது?