நிலத்துக்காக உயிரோடு இருந்தவன்

உமுவெலே ஊரில் எண்ணெய்ப்பனை ஏறுகிறவர்களில் உடெம்பாவைப் போல வாய் திறக்காதவன் வேறு கிடையாது. அவன் அப்பன், தாத்தாவின் இரண்டாந்தாரத்துக்கு ஒற்றைப் பிள்ளை. முதல் தாரத்து வழியில் கிளைகிளையாக ஆட்கள். அவர்களில் மூத்தவர் ஒசோயெமெனா, உடெம்பாவுக்குப் பெரியப்பா மகன். பங்காளி வீட்டில் ஆடு அடித்தால் தலை அந்தப் பக்கம் போகும், உடெம்பாவுக்குக் குடல் வரும். அதை வாழையிலையில் வாங்கிவந்து மனைவி நுவாமாக்காவிடம் கொடுப்பான். பிள்ளைகள் இரண்டு பிறந்து இரண்டுமே தங்கவில்லை. அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு இன்னும் குறைந்துபோனது. ஆனாலும் அவன் மரத்திலிருந்து இறங்கிவரும்போது அவள் குளிக்கத் தண்ணீர் எடுத்து வைத்திருப்பாள். ஒருநாளும் தவறினதில்லை.

ஊருக்குக் கேடு வந்தது முதலில் திருட்டாகத்தான். மோட்டார் சைக்கிளில் பையன்கள் சுற்ற ஆரம்பித்தார்கள். ராத்திரியோடு ராத்திரியாக மரவள்ளியைப் பிடுங்கிப் போனார்கள். ஆடு போயிற்று. சந்தைக்குப் போன பெண்கள் மடியில் முடிந்திருந்த காசைப் பறித்தார்கள். பிறகு கோயில் உபதேசியார் போனிஃபாஸைப் பாதையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போய், உறவுக்காரர்கள் பணம் புரட்டிக் கொடுத்த பிறகு விட்டார்கள். அந்த மனிதர் இன்றைக்கும் மோட்டார் சத்தம் கேட்டால் பேச்சை நிறுத்திவிடுவார். பயந்துபோன ஜனங்கள் ஓடைக்கரைப் பக்கம் போவதை விட்டார்கள். ஆள் போகாத அந்த நிலத்தில், உடெம்பாவின் பங்காளிகளுக்குப் பாட்டன் வழி வந்த நிலத்தில், ஒருநாள் வரிசையாக அளவுக்கல் முளைத்திருந்தது. கல்லை நட்டவர் சீஃப் சிப்ரியன். லாகோஸில் சம்பாதித்துத் திரும்பியவர், மேலத்தெருக்காரர். பையன்களுக்குச் சோறும் பெட்ரோலும் யார் போடுகிறார்கள் என்று அப்போதுதான் எல்லாருக்கும் விளங்கியது.

போலீஸில், "உங்க ஊர்ச் சண்டைய ஊர்லயே தீத்துக்கங்க" என்றார்கள். வழக்குப் போட்டால் பேரன் காலத்தில் தீர்ப்பு வரும். கடைசியில் ஊர்க் கூட்டத்தில் சீஃப் எழுந்து நின்றார்.

"நான் சாமி கொண்டாறேன். உங்க பங்காளில ஒருத்தன் அது முன்னாடி சத்தியம் பண்ணட்டும். ஒரு வருஷம் உசுரோட இருந்துட்டா நிலம் உங்களுது. நானே கல்லப் பிடுங்கிக்கறேன்."

பழைய வழக்கம்தான். மாட்டேன் என்றால் நிலத்தை விட்டுக்கொடுத்ததாக அர்த்தம். சத்தியம் பண்ண எவனும் துணியமாட்டான் என்பது அவர் கணக்கு. துணிந்தாலும், அவனை வருஷம் முழுக்க உயிரோடு விடுவது அவருடைய பையன்கள் கையில் அல்லவா இருக்கிறது.

பங்காளிகள் ஒசோயெமெனா வீட்டில் கூடினார்கள். கூட்டம் என்றால் உடைக்கும் கோலாக் கொட்டையை உடைத்து எல்லாரும் மென்றார்கள். ஒருவனும் முகம் நிமிர்த்தவில்லை.

"எனக்கு ஒம்பது பிள்ளைங்கப்பா" என்றான் ஒருவன்.

"எனக்குச் சக்கரை நோவு. நான் சத்தியம் பண்ணா சாமிக்கு வேலையே இருக்காது, தானாப் போயிருவேன்" என்றான் இன்னொருவன். சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கினபோது எல்லார் கண்ணும் உடெம்பா மேல் இருந்தது. ஒசோயெமெனா தொண்டையைச் செருமிக்கொண்டார். "தம்பி, உனக்கு உடம்பு இரும்பு. அதுவுமில்லாம... பின்னால நின்னு அழுவுறதுக்குப் பிள்ளகுட்டியும் இல்ல."

உடெம்பா வாயில் இருந்த கொட்டையை விழுங்கினான். "சரிண்ணே" என்றான்.

வீட்டில் நுவாமாக்கா கேட்டாள்: "யாரைப் புடிச்சாங்க?"

"என்னைத்தான்."

"வேற யாரு இருக்கா? குடலுக்கும் நீதான், சாமிக்கும் நீதான்" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பை ஊதினாள்.

புதுக்கிழங்குத் திருநாள் முடிந்த வாரம் சத்தியம் நடந்தது. சீஃப் கொண்டுவந்த பூசாரி ஒவ்வொரு சொல்லாகச் சொல்ல, உடெம்பா வாயில் ஓடைக்கரை மண்ணை வைத்துக்கொண்டு திருப்பிச் சொன்னான். "இந்த மண் எங்கள் அப்பன்மாருடையது இல்லை என்றால், அடுத்த புதுக்கிழங்குக்குள் என்னை எடுத்துக்கொள். அல்லது என் பானையில் சாப்பிடுகிறவரை எடுத்துக்கொள்." பின்பாதி யாரும் பேசி முடிவு செய்தது இல்லை, பூசாரி தானாகச் சேர்த்தது. உடெம்பா அதையும் சொல்லி முடித்துவிட்டான். அவன் பானையில் சாப்பிடுகிற ஒரே ஆள் பெண்கள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கே ஒசோயெமெனா வந்து, சுவரில் தொங்கிய ஏறு கயிற்றைக் கழற்றிக்கொண்டு போனார். "மரத்துலேர்ந்து வுழுந்து வச்சே, நிலம் போச்சு" என்றார். மோட்டார் சைக்கிளில் ஏறக்கூடாது, அடுத்த வீட்டில் கை நனைக்கக்கூடாது, மழையில் நனையக்கூடாது என்று வரிசையாகச் சட்டம் வந்தது. பங்காளிகள் முறைபோட்டு அரிவாளோடு கூடவே நடந்தார்கள். அவன் இருமினால், "டேய், இருமாத, நிலம் ஆடுது" என்று கேலி செய்தார்கள். இத்தனை வருஷத்தில் அவனை யாரும் இப்படிக் கவனித்ததில்லை. அவனுக்குக் கோபமும் வரவில்லை, பெருமையும் வரவில்லை. ரொம்ப நேரம் மடக்கி உட்கார்ந்த கால் மாதிரி உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. ஒருநாள் பாதையில் மோட்டார் சைக்கிள் ஒன்று நேரே அவனைப் பார்த்து வந்தது. அவன் நகரவில்லை. காவலுக்கு வந்தவன்தான் சட்டையைப் பிடித்துப் பள்ளத்தில் இழுத்துப் போட்டான். "ஏன்டா அப்படியே நின்னே?" என்று அவன் கத்த, உடெம்பா சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டினான்.

புழுதிக்காற்று வீசத் தொடங்கியபோது நுவாமாக்கா படுத்துவிட்டாள். கண் மஞ்சளித்தது, கஞ்சி கூடத் தங்கவில்லை. மருந்துச்சாலை நர்சம்மா பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தாள். சீஃபின் பையன்கள் வாசலில் வண்டியை மெதுவாக்கி, "அண்ணி எப்படி இருக்காங்க?" என்று சிரித்துக்கொண்டே விசாரித்துப் போனார்கள்.

மறுநாள் பங்காளிகள் வந்தார்கள்.

"தம்பி, அவ நல்லாருக்கணும்னுதான் நாங்களும் கும்புடுறோம்" என்றார் ஒசோயெமெனா. "ஆனா ஏதாவது ஒண்ணு ஆயிட்டா, உன் பானைல சாப்புட்டவதானே, நிலம் போயிருமே? கல்யாணத்துக்கு நீ குடுத்த பரியம் உங்கிட்ட திரும்பிட்டா அவ உன் பொண்டாட்டி இல்ல. அவ பொறந்த வீட்டுப் பானை வேற."

நுவாமாக்காவின் வீட்டில் பரியத்தைத் திருப்பப் பணம் கிடையாது. பங்காளிகளே பணம் திரட்டி, அவள் பிறந்த ஊர் ஒபெலாவிலிருந்து வந்த அண்ணன் அசூக்கா கையில் கொடுத்தார்கள். அவன் அதை ஊர்ப் பெரியவர்கள் பார்க்க உடெம்பா முன்னால் பாயில் எறிந்தான்.

"இந்தா, உன் பணம். உங்காளுங்க பணத்த உங்கிட்டயே குடுக்குறேன். நல்ல வியாபாரம்டா இது" என்று துப்பினான்.

அதை உடெம்பா கையால் தொட்டால்தான் மணம் முறியும். அவன் பாயையே பார்த்துக்கொண்டிருந்தான். சுவரோரம் போர்வைக்குள் இருந்தவள் சொன்னாள்: "எடுத்துக்க. புழுதில உக்காந்து இருமித் தொலைக்காத. நிலம் ஆடப்போவுது."

எடுத்துக்கொண்டான். அவளை அண்ணனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து, விழாமல் இருக்கத் துணியால் அவன் முதுகோடு கட்டினார்கள். யாரோ, "ஒரு கை புடிடா" என்றார்கள். பிடித்தான். அவள் உடம்பு ஒரு கூடை அளவுகூட கனக்கவில்லை.

அதற்குப் பிறகு அவனே சமைத்து அவனே சாப்பிட்டான். ஒபெலாவில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்ட பெண்கள் இரண்டு பேர் இருந்தார்கள். நுவாமாக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். அவன் கேட்கவில்லை. கேட்டு, செத்துவிட்டாள் என்றால் என்ன செய்வது? உயிரோடு இருக்கிறாள் என்றால்தான் என்ன செய்வது? ஒருநாள் கிணற்றடியில் அவர்களில் ஒருத்தி தானாகவே, "அவ சாகல" என்றாள். அவன் தலையாட்டிவிட்டுக் குடத்தைத் தூக்கினான்.

புதுக்கிழங்குத் திருநாள் வந்தது. அவன் செத்திருக்கவில்லை. வெடி போட்டார்கள், ஆடு அடித்தார்கள், அவனைத் தோளில் தூக்கி ஓடைக்கரை வரைக்கும் ஆடிக்கொண்டு போனார்கள். சீஃப் கல்லைப் பிடுங்க வரவில்லை. ஊர்ப் பிள்ளைகள்தான் பிடுங்கினார்கள். அவர் அதற்குள் ஆற்றுக்கு அந்தப்பக்கம் வேறொரு ஊரில் கல் நட்டுக்கொண்டிருந்தார். பையன்களில் பாதிப்பேர் அவரோடு போய்விட்டார்கள். மீதிப்பேர் இன்னும் சந்தைப் பாதையில்தான் நிற்கிறார்கள். ஏறு கயிறு உடெம்பாவுக்குத் திரும்பக் கிடைத்தது.

ஒசோயெமெனாவே சொன்னார், "போயி அவள அழைச்சிட்டு வா. மறுபடி பரியம் போடறது எங்க பொறுப்பு." உடெம்பா தானே இறக்கிய கள்ளை எடுத்துக்கொண்டு ஒபெலாவுக்கு நடந்தான்.

நுவாமாக்கா வாசலில் அகலச் சட்டியில் மரவள்ளி மாவு வறுத்துக்கொண்டிருந்தாள். தலைமுடி பாதி உதிர்ந்திருந்தது. அசூக்காதான் முதலில் பார்த்தான்.

"யாரு, நிலமா வந்திருக்கு? உக்காரு நிலமே."

"மச்சான்..."

"பரியம் திரும்பினப்புறம் ஏதுடா மச்சான்?" என்றாலும் கள்ளை வாங்கி ஒரு குவளையில் ஊற்றித் தங்கை கையில் கொடுத்தான். பெண் ஒரு வாய் குடித்துவிட்டு மீதியை யார் கையில் கொடுக்கிறாளோ அவனே மாப்பிள்ளை. அது அவள் சம்மதம்.

அவள் குவளையைப் பிடித்துக்கொண்டு உடெம்பாவைப் பார்த்தாள். "நான் செத்தேனா இருக்கேனான்னு ஒரு ஆள் அனுப்பிக் கேட்டியா?"

"இல்ல."

"சரி."

குடித்தாள். நிறுத்தாமல் அடிவரைக்கும் குடித்து, வெறும் குவளையை அண்ணனிடம் நீட்டினாள். "நல்ல கள்ளு" என்று சொல்லிவிட்டு, மாவு கரிந்துவிடாமல் கிளற உட்கார்ந்தாள். யாரும் போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. உடெம்பா எழுந்து வந்துவிட்டான்.

ஊர் எல்லையிலேயே பங்காளிகள் காத்திருந்தார்கள். "என்னடா ஆச்சு? குடிச்சாளா?" என்றார் ஒசோயெமெனா.

"குடிச்சாண்ணே."

"அப்பாடா!" என்று இரண்டு பேர் கைதட்டினார்கள். "மீதிய உங்கிட்ட குடுத்தா இல்ல?"

"மீதி வைக்கல."

கைதட்டியவர்கள் நிறுத்தினார்கள். உடெம்பா அவர்களைத் தாண்டி நடந்தான். இப்போது அவனுக்குக் காவலாக யாரும் கூட வரவில்லை.