மாமாவின் நடுக்கம்

எங்க வூட்டுக்காரரு ஜெர்ரி லேசுல எதையும் விடுற ஆள் இல்ல. பொழப்பும் அப்படி. போனைத் தூக்கிப் பிடிச்சா நம்ம கூடத்துலயே சோஃபா கிடக்குற மாதிரி காட்டுறாங்களே, அந்த வேலை. தையல் நூல் தெரியணும், மரத்துல ரேகை தெரியணும்னு இழைச்சுக்கிட்டே இருப்பாரு. "எல்லார் போனும் தாங்குமாய்யா?"ன்னு ஆபீஸ்ல கத்துவாங்க. காதுல போட்டுக்க மாட்டாரு.

என் மாமனார் அமலநாதன் போன வருஷம் தவறிட்டாரு. நடுக்குவாதம். கையி, தலை, தாடை எல்லாம் ஆட்டம். வாய்க்குப் போற கஞ்சியில பாதி சட்டையில கொட்டும். அத்தை அந்தோணிமேரிதான் அந்தக் கையைப் பிடிச்சுக்கிட்டே உட்கார்ந்திருப்பாங்க.

கல்லறைத் திருநாளுக்கு அப்பாவை அம்மாகிட்ட காட்டியே ஆகணும்னு ஜெர்ரிக்கு வெறி. பழைய போட்டோ, வீடியோ எல்லாம் வச்சு, சோஃபாவுக்குப் பண்ற மாதிரியே நோவு வர்றதுக்கு முந்தின மனுஷனைச் செஞ்சாரு. மீசையில ஒவ்வொரு முடி, கண்ணோரச் சுருக்கம், கட்டம்போட்ட சட்டை. ஜெர்ரி போன்ல பார்த்தப்ப எனக்கே மாமான்னு கூப்பிடத் தோணுச்சு.

உப்பளம் கல்லறையில பூ போட்டு, மெழுகுவத்தி ஏத்தி, ஜெபம் முடிச்சோம். நினைச்சப்ப பார்க்கட்டும்னு அத்தையோட பழைய போன்லயே படத்தை ஏத்தியிருந்தாரு. குருவி தலையில பனங்காயை வச்சா? போன் சூடேறி, படம் விட்டு விட்டு வந்துச்சு. கல்லறைப் பக்கத்துல மாமா வெடவெடன்னு ஆடிக்கிட்டு நின்னாரு.

அத்தை போனை என் கையில திணிச்சிட்டாங்க. "ஆண்டவர்கிட்ட போயுமாடா அவருக்கு நடுக்கம் விடல?"ன்னு ஒரே அழுகை. எனக்கு வந்த ஆத்திரத்துல இவரை அங்கயே நாலு வார்த்தை கேட்டுட்டேன்.

பாவி மனுஷன், வூட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டர் முன்னால உட்கார்ந்தாரு. மீசை முடியெல்லாம் எடுத்துட்டு ஒரே கறுப்பாக்கினாரு. சுருக்கம் போச்சு, சட்டைக் கட்டம் போச்சு, நிழலும் போச்சு. ஒண்ணொண்ணா எடுத்து, அத்தை போன்ல போட்டுப் போட்டுப் பார்த்தாரு. அழுதுக்கிட்டேதான் செஞ்சாரு.

"என்னங்க, மாமா மாதிரியே இல்லியே"ன்னேன்.

"தெரியுது வெரோனிகா"ன்னாரு.

ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு மறுபடி கல்லறைக்குப் போனோம். அத்தை போனைத் தொடவே பயந்தாங்க. கெஞ்சிக் கூத்தாடி பிடிக்க வச்சோம். மாமா நின்னாரு. மொழுமொழுன்னு மூஞ்சி, வெறும் வெள்ளைச் சட்டை. ஆனா ஆடல. அத்தை சுத்திச் சுத்தி வந்து பார்த்தாங்க, அப்பவும் ஆடல.

"மூஞ்சி சரியா வரலம்மா." ஜெர்ரி மெதுவா சொன்னாரு.

"அவரு மூஞ்சி எனக்குத் தெரியாதாடா?" அத்தை போன்லருந்து கண்ணை எடுக்கல. "கையைப் பாரு. இனிமே நான் பிடிச்சுக்க வேணாம்."