ஈரப் பலகை

யார்மீதும் பொறாமைப்பட்டதே இல்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்வீர்களா? சொல்வீர்களென்றால் பக்கத்தைப் புரட்டிவிடுங்கள். இது உங்களுக்கான கதையல்ல.

கட்டடப் பொருள்களைச் சோதிக்கும் கூடத்தில் பெரியவளுக்கு வேலை. அவள் கொழுந்தன் மனைவி சின்னவளும் பின்னால் அங்கேயே வந்து சேர்ந்தாள். மாமியார் வைத்த பெயர்கள் கூடத்திலும் ஒட்டிக்கொண்டன. "சின்னவ கெட்டிக்காரி" என்ற பேச்சும் கூடவே வந்தது.

தையல் ஆலைக் கழிவுத்துணியை அழுத்தி ஒரு பலகை செய்திருந்தாள் சின்னவள். தொழிலாளர் குடியிருப்பின் தகரக் கூரைக்கு அடியில் பொருத்தி வெயில் சூட்டைத் தடுப்பதற்கு. மேலாளர் பலகையைத் தடவித் தடவிப் பாராட்டினார். பெரியவளுக்கு வயிறு எரிந்தது.

சோதனை அவள் கைக்கே வந்தது. சூடான தட்டுக்கும் குளிர்ந்த தட்டுக்கும் நடுவே பலகையை வைத்து, எவ்வளவு வெப்பம் கடக்கிறது என்று அளக்க வேண்டும். நிறையவே கடந்தது. எரிந்த வயிறு குளிர்ந்தது.

"துணியைக் கட்டினா வெயில் வெட்கப்பட்டு ஓடிடும்னு நெனச்சியா?"

"அக்கா, உலர்த்திட்டுத்தானே வச்சீங்க?"

"எனக்கே பாடம் எடுக்கிறியா? போடி!"

உலர்த்தவில்லை. ஈரம் இருந்தால் வெப்பம் எளிதில் கடந்துவிடும். யார் பலகை வந்தாலும் எடை குறைவது நிற்கும்வரை சூட்டுப்பெட்டியில் வைப்பவள், இதைக் கழுவுதொட்டிப் பக்கம் சாய்த்து வைத்திருந்து அப்படியே எடுத்து அளந்திருந்தாள். மறதியா, மனசா? அவளுக்கே தெரியவில்லை.

மேலாளர் ஏசிக் காற்றில் நாற்காலியைச் சுழற்றினார். "தேறலைன்னா விடுங்கம்மா. கூலிக்காரங்கதானே, வெறும் தகரம் போதும். பழகிப்போச்சு அவங்களுக்கு."

வெயில் யாருக்கய்யா பழகும்? சுருக்கென்று தைத்தது அவளுக்கு. ஓரகத்தியைக் கவிழ்க்கப் பார்த்து, உச்சி வெயிலில் தகரத்தடியில் கிடக்கும் குழந்தைகளையல்லவா கவிழ்க்கப் போகிறோம்!

பலகையை உலர்த்தினாள். எடை இறங்கி நின்றதும் மறுபடி அளந்தாள். முன்பு கடந்ததில் பாதி வெப்பம்கூடக் கடக்கவில்லை. சின்னவள் சொன்னதுதான் சரி. வயிறு முன்னைவிட அதிகமாக எரிந்தது.

"சார், நேத்து நான் அளந்தது பலகையை இல்ல, அதுல இருந்த தண்ணிய. இது தேறிடுச்சு."

"ஓஹோ, சின்னவ சொல்லிக்கொடுத்தாளா?"

"ஆமா சார். அவதான் கேட்டா."

அன்று மாமியார் சின்னவளைப் பற்றிய புராணத்தை முதலிலிருந்து ஆரம்பித்தார். பெரியவள் பாத்திரங்களைக் கொஞ்சம் பலமாகவே போட்டாள். பலகை மட்டும் தகரக் கூரைகளுக்குப் போனது.

உங்கள் ஊரிலும் யாரோ ஒருவர், "சோதிச்சாச்சு, தேறலை" என்று ஏழையின் கூரையைத் தட்டிக்கழிப்பார். தலையாட்டிவிட்டு வராதீர்கள். பலகையை உலர்த்தித்தான் அளந்தீர்களா என்று கேளுங்கள். இல்லையென்றால், மறுபடி அளக்கும்வரை இடத்தைவிட்டு நகராதீர்கள்.