கம்பம் நட்ட பிறகு

அவிநாசிக்கு வடக்கே, மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, புங்கம்பாளையம் என்று ஓர் ஊர். ஒரு பேக்கரி, ஒரு மருந்துக்கடை, செவ்வாய்க்கிழமைச் சந்தை, நடுவில் மாரியம்மன் கோயில். பஸ் வந்தால் டிரைவர் இறங்கி டீ குடித்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். யாரும் முணுமுணுக்க மாட்டார்கள்.

வேல்விழி அந்த ஊருக்கு ஆசைப்பட்டு வந்தவள். சங்கரன்கோயில் பக்கத்திலிருந்து கல்யாணமான கையோடு திருப்பூருக்கு வந்து, வேலம்பாளையத்தில் லைன் வீட்டில் கிடந்தாள். சாக்கடை நாற்றமும் தறி இரைச்சலும்கூடப் பழகிவிட்டன. பக்கத்து அறையில் யார் குடியிருக்கிறார்கள் என்றே தெரியாமல் இருப்பதுதான் பழகவில்லை. தீபாவளிக்குத் தீபாவளி முகங்கள் மாறும். அதனால் வேன் ஓட்டும் அவள் புருசன் இசக்கிமுத்துவுக்குப் புங்கம்பாளையத்துப் பனியன் கம்பெனியில் வேலை கிடைத்தபோது, அவனுக்கு முன்னால் இவள் மூட்டை கட்டினாள்.

வந்த முதல் வாரம் பேக்கரிக்காரர் எந்த வீடு என்று விசாரித்தார். மறுநாள் அவள் கேட்காமலே தேங்காய் பன்னை எடுத்து வைத்தார். வீட்டுக்கார அம்மா தெய்வாத்தாள் காலையில் வாசல் தெளிக்கும்போதே, "சாப்பாடாச்சுங்களா அம்முணி?" என்பார். இவளுக்கு அது போதும். ஒரு ஊரே தன்னைச் சாப்பிட்டாயா என்று கேட்பது போல இருக்கும்.

கம்பெனியில் இவளுக்குச் செக்கிங் வேலை. பனியனை விரித்து ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் பார்க்க வேண்டும். பேச்சு குறைவு, கண் அதிகம். அந்தக் கண்ணுக்கு ஊரில் சிலது படாமல் இல்லை. தெய்வாத்தாள் மகள் கல்யாணத்துக்கு அக்கம்பக்கத்து வீடுகளுக்குள் தட்டோடு போய் உட்கார்ந்து பத்திரிகை வைத்தார்கள். இவளுக்கு வாசல் கதவுக்கு வெளியே நின்று, "அவசியம் வந்துருங்க" என்றார்கள். கறையைப் பார்த்தால் ஸ்டிக்கர் ஒட்டுகிறவள், இதற்கு ஒட்டவில்லை. இன்னும் நாளாகட்டும் என்று இருந்தாள். நாளாகி வருசங்களும் ஆயின.

ஒவ்வொரு பங்குனியிலும் மாரியம்மன் நோம்பி என்னும் திருவிழாவுக்குப் பறையடித்துச் சாட்டுவார்கள். மூன்று கிளை பிரிந்த மரத்தை வெட்டிவந்து கோயில் முன்னால் நடுவார்கள். அதுதான் கம்பம். அம்மனுக்குப் புருசன் என்பது ஐதீகம். நோம்பி முடிந்து கம்பத்தைப் பிடுங்கும்வரை ஊர்ப் பெண்கள் விடிகாலையில் ஈரப்புடவையோடு மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். இவள் தூர நின்று பார்ப்பதோடு சரி. இந்த வருசம்தான் தைரியம் வந்து தெய்வாத்தாளிடம் கேட்டாள்.

"நானும் தண்ணி ஊத்தலாங்களா?"

"அதுக்கென்னுங்க, சாமி எல்லாத்துக்கும் பொதுவுதானுங்க. ஊத்துங்க அம்முணி."

இவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாளே வேப்பிலை செருகிய குடத்தோடு வரிசையில் நின்றாள். முன்னால் நின்ற பெண் இடம் விட்டு நகர்ந்தாள். கம்பத்தின் மேல் தண்ணீர் வழிந்ததைப் பார்த்தபோது, தானும் இந்த ஊர்தான் என்று முதல் தடவையாக நம்பினாள்.

கம்பெனியில் பக்கத்து டேபிள் தரணி உள்ளூர்ப் பெண். கேலிக்காரி. "ஏனுங்கக்கா, தண்ணி வேற ஊத்தறீங்க, வாயில 'ங்க' வேற ஒட்டிக்கிச்சு. அடுத்த நோம்பிக்கு உங்களையே கம்பம் வெட்ட அனுப்பிருவாங்க போலிருக்குதுங்க."

"போ புள்ள."

"ஆனா ஒண்ணுங்க. கம்பம் நட்டாச்சுன்னா வெளியூர்ல ராத்தங்கல் கூடாது. எங்க பெரியப்பா கரூர்ல தங்கிட்டு வந்தாருங்க, ஊட்டுக்குள்ள அம்மை பூந்துருச்சு. இன்னைக்கு வரைக்கும் சொல்லிக் காட்டறாங்க."

தரணி கதையாகத்தான் சொன்னாள். வேல்விழி அதைத் தனக்கிட்ட கட்டளையாக எடுத்துக்கொண்டாள். இத்தனை வருசத்தில் இந்த ஊர் அவளிடம் கேட்ட முதல் காரியம் அதுதான் என்று தோன்றியது.

அந்த வாரமே அண்ணன் ராக்கையா ஊரிலிருந்து போன் போட்டான். "ஏளா வேலு, அம்மாவுக்கு முடியல. கஞ்சி எறங்க மாட்டேங்கு. ஒன்னயவே கேட்டுக்கிட்டுக் கெடக்கா. ஒரு எட்டு வந்துட்டுப் போ."

அம்மா வெள்ளையம்மாளுக்கு இது புதிதில்லை. முன்பும் இப்படிக் கிடந்திருக்கிறாள். இவள் அலறிக்கொண்டு ஓடியிருக்கிறாள். போய்ச் சேர்வதற்குள் அம்மா எழுந்து உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருப்பாள். இந்தத் தடவையும் அப்படித்தான் இருக்கும் என்று வேல்விழி தனக்குச் சொல்லிக்கொண்டாள். போனால் தங்காமல் திரும்ப முடியாது. அன்றைக்குப் போய் அன்றைக்கே வருகிற தூரமா அது?

இசக்கிமுத்து பெட்டியை எடுத்து வைத்தான். "கெளம்புளா."

"கம்பம் நட்டிருக்கு."

"அவுக கம்பம், அவுக சாமி. நமக்கு என்னளா வந்துச்சு?"

"நாமளும் இந்த ஊர்லதான இருக்கோம்?"

"இருக்கோம். வாடகைக்கு இருக்கோம்." சொல்லிவிட்டு அவனே சிரித்தான். இவள் சிரிக்கவில்லை.

மறுநாள் தண்ணீர் ஊற்றிவிட்டு வரும் வழியில் தெய்வாத்தாளிடம் கேட்டாள். அம்மாவைப் பற்றிச் சொல்லிவிடத்தான் நினைத்தாள். வாய் வரவில்லை. இவ்வளவு மரியாதையாகச் சேர்த்துக்கொண்டவர்களிடம், ஊற்றத் தொடங்கிய வேகத்தில் விடுப்பு கேட்பதா என்று கூச்சம்.

"ஏனுங்கம்மா, கம்பம் நட்டப்பறம் வெளியூர்ல தங்கவே கூடாதுங்களா?"

"கூடவே கூடாதுங்க. எங்க பாப்பாவுக்குப் பிரசவம், கோயமுத்தூர் ஆஸ்பத்திரிங்க. குழந்தை மொகத்தைப் பார்த்த கையோட எங்க ஊட்டுக்காரரு பொழுது சாயறதுக்குள்ள ஊடு வந்து சேர்ந்துட்டாருங்க." பெருமையாகச் சொன்னார். ஏன் கேட்கிறாய் என்று அவர் திருப்பிக் கேட்கவில்லை. இவளும் சொல்லவில்லை.

சாயங்காலம் ராக்கையா போனை அம்மாவின் காதில் வைத்தான்.

"வேலு... வாரியா?"

"வாரேம்மா. கோயில் கொடை முடிஞ்சதும் ஓடி வந்துருதேன்."

"கொடையா? நம்மூருக் கொடை ஆடியிலதானட்டி?"

"இது இந்த ஊரு கொடைம்மா."

"சரி. முடிச்சுட்டு வா" என்றாள் அம்மா.

அதன்பிறகு ஒவ்வொரு காலையும் குடத்தைக் கவிழ்க்கும்போது, அம்மாவை விட்டுவைக்கும்படி வேண்டிக்கொண்டாள். ஊர்க் கட்டுப்பாட்டை மீறாமல் இருப்பதால் அம்மன் கேட்பாள் என்று ஒரு கணக்கு அவளுக்கு.

கம்பம் பிடுங்கும் நாளுக்கு முந்தின நாள், பட்டப்பகலில், டேபிளில் நின்றுகொண்டிருந்தபோது ராக்கையா அழைத்தான். அவனுக்குப் பின்னால் பொம்பளைகள் அழும் சத்தம் கேட்டது.

தரணி ஓடிப்போய் முதலாளி தமிழ்செல்வனிடம் சொன்னாள். அவர் நேரே வந்தார். "ஏனுங்க, இத்தனை நாளா அம்மாவுக்கு முடியலைன்னு ஒரு வார்த்தை சொல்லலீங்களே? கம்பெனி வண்டியிலயே அனுப்பியிருப்பனே." உடனே வண்டிக்கு டீசல் போடச் சொன்னார்.

துணி எடுக்க வீட்டுக்கு வந்தாள். படியில் தெய்வாத்தாள் நின்றிருந்தார். செய்தி அவளுக்கு முன்னாலேயே வந்துவிட்டிருந்தது. வேல்விழி கிட்டே போனதும், அவர் தன்னையறியாமல் ஓரெட்டுப் பின்னால் வைத்தார். நோம்பி வீடு, சாவுத் தீட்டு. தப்பாக அதில் ஒன்றுமில்லை. முகத்தில் வருத்தம் நிஜமாகவே இருந்தது.

"அடக் கடவுளே. முன்னாலயே போயிருக்கலாமல்லங்க அம்முணி?"

"கம்பம் நட்டிருந்துச்சுங்களே."

தெய்வாத்தாளுக்குப் புரிய ஒரு நிமிசம் ஆயிற்று. புரிந்ததும் கையை உதறினார். "அய்யோ, அது ஊர்க்காரங்களுக்குத்தானுங்க! எங்களுக்குத்தான் கட்டு. உங்களுக்கு என்னுங்க? நீங்க எங்க வேணும்னாலும் போயி இருந்துட்டு வரலாமுங்க. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பனே."

அதில் துளி குத்தல் இல்லை. குத்தலாக இருந்திருந்தால் வேல்விழி கோபப்பட்டாவது இருப்பாள். சரிங்க என்று தலையாட்டிவிட்டு உள்ளே போய்ப் பையில் புடவையைத் திணித்தாள்.

வண்டியில் அவள் அழவில்லை. இசக்கிமுத்து ஓட்டிக்கொண்டே அவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். சொல்லிக்காட்ட அவனிடம் நிறைய இருந்தது. தாராபுரம் தாண்டியதும், "தண்ணி குடிக்கியா?" என்று மட்டும் கேட்டான்.

அம்மா ஐஸ் பெட்டிக்குள் இருந்தாள். கண்ணாடியில் ஈரம் படிந்து முகம் சரியாகத் தெரியவில்லை. வேல்விழி முந்தானையால் துடைத்தாள். துடைக்கத் துடைக்க மறுபடி படிந்தது. அம்மா மெலிந்திருந்தாள். போனில் வந்த குரலுக்கும் இந்த உடம்புக்கும் பொருந்தவே இல்லை.

அடக்கம் முடிந்து எல்லாரும் குளித்துவந்து பந்தலில் உட்கார்ந்தபோது, ராக்கையா கேட்டான். "ஏம்ளா வரல? அத்தன நாளு காத்துக் கெடந்தாள்லா."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். கம்பம் என்று எப்படிச் சொல்வது? எந்த ஊர்க் கம்பம், உனக்கும் அதற்கும் என்ன என்றுதான் கேட்பார்கள். அதற்குப் பதில் அவளுக்கு இப்போது தெரியும்.

"லீவு குடுக்கல" என்றாள்.

உடனே நம்பிவிட்டார்கள். அங்கே வீட்டுக்கு ஒருத்தர் திருப்பூரில் இருந்தார்கள். ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். "கம்பெனிக்காரனுவளுக்கு நெஞ்சுல ஈரமே கெடையாது." "பெத்தவ சாவக் கெடக்காளேன்னு ஒரு இரக்கம் உண்டா?" "வெளங்காமப் போவான், அவன் குடும்பம் நாசமாப் போவும்." சித்தி ஒருத்தி மண்ணை வாரித் தூற்றினாள்.

வண்டிக்கு டீசல் போட்டு அனுப்பிய தமிழ்செல்வனின் முகம் வேல்விழிக்கு நினைவு வந்தது. பந்தக்காலில் சாய்ந்து நின்ற இசக்கிமுத்து தலையைக் குனிந்துகொண்டான். ராக்கையா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அழாதளா, நீ என்ன செய்வ" என்று அவள் முதுகைத் தடவிக் கொடுத்தான்.

தடவட்டும் என்று அவள் விட்டாள்.